நஞ்சு விழும்வரை கன்றை ஊட்ட விடக்கூடாதா?

கேள்வி, ஜூன் 3
"எங்கள் பக்கம் மாடு ஈன்றதும் கன்றைத் தனியாகக் கட்டிவிடுவார்கள். நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, விழுந்த பிறகுதான் மடியில் விடுவது. முன்னாலேயே ஊட்ட விட்டால் நஞ்சு உள்ளேயே தங்கிவிடும், சீம்பால் சூடு, கன்றுக்குக் கழிச்சல் பிடிக்கும் என்கிறார் அப்பா. எங்கள் மாடு இன்னும் பத்து நாளில் ஈனும். நான் அப்பா சொல்வதைக் கேட்பதா, வேண்டாமா?"

ஜூன் 3, இரவு 9.40
காத்திருக்காதீர்கள். கன்று பிறந்து ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் அதன் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். நஞ்சு அதன் நேரத்துக்கு விழட்டும். இரண்டையும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போடாதீர்கள்.

2018 ஐப்பசியில் எங்கள் வீட்டில் இதே முடிச்சைப் போட்டு ஒரு கிடாரிக் கன்றை இழந்தோம். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம், இரண்டு ஜெர்சி கலப்பு மாடு, ஒரு எருமை, நாலைந்து வெள்ளாடு, அவ்வளவுதான் எங்கள் பட்டி. மூத்த மாடு ராத்திரி 11 மணிக்கு ஈன்றது. நஞ்சு விழக் காலை எட்டரை ஆகிவிட்டது. அதுவரை கன்றைச் சாக்கு விரித்துத் தனியாகக் கட்டியிருந்தோம். பசியில் அது சுவரை நக்கியது, கயிற்றைச் சப்பியது, சாணி பட்ட தரையை நக்கியது, நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். விடிந்ததும் வயிறு முட்டக் குடித்தது. மூன்றாம் நாள் வெள்ளையாகக் கழிந்தது. ஐந்தாம் நாள் கண் குழி விழுந்து, காது சில்லிட்டு, தலையைத் தூக்கவே இல்லை. சீம்பால் சூடு தாங்கவில்லை என்றார்கள் அத்தை, நானும் அப்படித்தான் நினைத்தேன். வந்து பார்த்த மருத்துவர் கழிச்சலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, "முதல் பால் எத்தனை மணிக்குக் குடித்தது?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் புரியவே பல மாதம் ஆயிற்று. மீதியை நாளை எழுதுகிறேன், கறவைக்கு நாலரைக்கு எழ வேண்டும்.

ஜூன் 4, காலை 10.15
ஏன் அந்த அவசரம் என்பதற்கு மாட்டின் கருப்பைக்குள் இருந்து தொடங்க வேண்டும்.

மனிதக் குழந்தை பிறக்கும்போதே அம்மாவின் ஆன்டிபாடியோடு, அதாவது நோய்க்கிருமியைப் பிடித்து அடக்கும் புரதத்தோடு, பிறக்கிறது. கடைசி மூன்று மாதத்தில் நஞ்சுக்கொடி வழியாகவே அது ஏற்றப்பட்டுவிடும். நிறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஜி வகை ஆன்டிபாடி அம்மாவுக்கு இருக்கும் அளவுக்கு, சில நேரம் அதற்கும் மேலே, இருக்கும். மாட்டில் இது நடக்காது. தாயின் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் நடுவில் ஆறு அடுக்குத் திசு நிற்கிறது. மூச்சுக்காற்றும் சர்க்கரையும் உப்பும் தாண்டும், ஆன்டிபாடி போன்ற பெரிய புரதம் தாண்டாது. ஆகவே 280 நாள் வயிற்றில் இருந்த கன்று, தாய்க்குத் தெரிந்த ஒரு நோயைப் பற்றியும் தகவல் இல்லாமல் வெளியே வருகிறது. எருமை, ஆடு, பன்றி, குதிரை எல்லாவற்றிலும் இதே கதைதான்.

வயிற்றில் கொடுக்க முடியாததைத் தாய் மடியில் வைத்திருக்கிறது. ஈனுவதற்கு மூன்று நான்கு வாரம் இருக்கும்போதே தன் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடியை எடுத்து மடியில் சேர்க்கத் தொடங்குகிறது. இதுவும் தானாகக் கசிந்து போவதில்லை, மடியின் செல்கள் தேடிப் பிடித்து உள்ளே இழுக்கின்றன. அந்த நாட்களில் தாயின் ரத்தத்திலேயே அதன் அளவு இறங்கிவிடும். நல்ல சீம்பாலில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் ஐஜிஜி இருக்கும். சாதாரணப் பாலில் ஒரு கிராம்கூடத் தேறாது.

சீம்பாலை வேக வைத்தால் கட்டியாக உறைகிறது, சாதாரணப் பால் உறைவதில்லை. ஏன் என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? சூடு பட்டதும் உறையும் புரதம் அதில் அவ்வளவு இருக்கிறது, அதில் பெரிய பங்கு இந்த ஆன்டிபாடிதான். வெல்லமும் ஏலக்காயும் போட்டு நாம் வெட்டிச் சாப்பிடும் துண்டு கன்றுக்கு வர வேண்டிய பாதுகாப்பு. சாப்பிடக்கூடாது என்று சொல்லவில்லை. கன்று குடித்து மிஞ்சியதைச் சாப்பிடுவோம்.

ஜூன் 4, பிற்பகல் 2.30
அப்பாவிடம் "24 மணி நேரத்துக்குள் கொடுத்தால் போதுமாமே" என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த 24 மணிதான் பல கன்றுகளைக் கொல்கிறது. அதுவரை தாராளமாகக் காத்திருக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

புதிதாகப் பிறந்த கன்றின் குடல் முழுப் புரதத்தை அப்படியே விழுங்கி ரத்தத்துக்குள் விடும். வேறெந்த வயதிலும் குடல் அதைச் செய்யாது, செரித்து உடைத்துத்தான் அனுப்பும். அந்தக் கதவு பிறந்த நொடியிலிருந்தே மூடத் தொடங்குகிறது. முதல் இரண்டு மணி நேரம் அகலத் திறந்திருக்கும், ஆறு மணி நேரத்துக்குள் கணிசமாக ஒடுங்கிவிடும், பன்னிரண்டில் ஒரு இடுக்கு, இருபத்துநாலில் ஏறக்குறைய சாத்திவிட்டது. 24 மணி என்பது தாழ்ப்பாள் விழும் நேரம். நஞ்சு விழப் பன்னிரண்டு மணி நேரம்வரை ஆகலாம், அது இயல்பு. எங்கள் கன்று ஒன்பதரை மணி நேரம் காத்திருந்தது. காலையில் வயிறு முட்டக் குடித்தபோது பால் வயிற்றுக்குள் போனது, பாதுகாப்பில் பெரும்பகுதி ரத்தத்துக்குள் போகவில்லை.

இன்னொன்றையும் நான் பிறகுதான் கற்றுக்கொண்டேன். அந்தத் திறந்த கதவு நல்லது கெட்டது பார்க்காது. சீம்பாலுக்கு முன்னால் சாணி போனால், சாணியில் உள்ள கிருமியும் அதே வழியில் ரத்தத்துக்குள் நுழையும். எங்கள் கன்று அன்று ராத்திரி நக்கிய தரை இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஜூன் 4, இரவு 8.50
இதை முதலில் சரியாகச் சோதித்துக் காட்டியவர்கள் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், ரால்ஃப் லிட்டில் என்ற இருவர், 1922ல். சீம்பால் கொடுக்காத 12 கன்றுகளில் 9 செத்துப்போயின. கொடுத்த 10 கன்றும் பிழைத்தன. நூறு வருடம் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கு ஒவ்வொரு கட்டுத்தறிக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். வந்து சேரவில்லை, அதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

ஜூன் 5, காலை 6.20
நேற்றுக் காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். "ஆறு அடுக்கு, அதனால் தாண்டாது" என்று எழுதிவிட்டேன். அடுக்குக் கணக்கு மட்டும் போதாது. மனித நஞ்சுக்கொடியில் அடுக்கு குறைவு என்பது உண்மைதான், ஆனால் அடுக்கு குறைவதால் ஆன்டிபாடி தானாக வழிந்து வந்துவிடாது. நஞ்சுக்கொடியின் செல்லில் அதைப் பிடித்துக்கொண்டு அக்கரையில் விடும் ஒரு ஏற்பி இருக்கிறது, ஓடக்காரன் மாதிரி. அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று பிரிட்டனின் பிராம்பெல் என்ற விஞ்ஞானி, அந்த ஏற்பியை யாரும் பார்ப்பதற்கு முன்பே, 1950களில் கணித்துச் சொன்னார். மாட்டுக்குத் தாண்ட வேண்டிய ஆறும் அகலம், அந்தத் துறையில் ஓடமும் இல்லை.

இன்னொரு திருத்தம், இது முக்கியமானது. "தகவல் இல்லாமல் வருகிறது" என்றதைப் படித்துவிட்டுக் கன்றுக்கு எதிர்ப்பு சக்தியே கிடையாது என்று ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை. வெள்ளையணுக்கள் இருக்கும், தைமஸ் சுரப்பி இருக்கும், வயிற்றில் பாதிக் காலம் தாண்டும்போதே கருவுக்குச் சில கிருமிகளை எதிர்த்து ஆன்டிபாடி செய்யும் திறன்கூட வந்துவிடும். வயல் இருக்கிறது, உழவன் இருக்கிறான், விதையும் இருக்கிறது, அறுவடைக்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை உண்ண அம்மா வீட்டு நெல் வேண்டும்.

ஜூன் 5, பிற்பகல் 1.10
கருவிலேயே எதிர்ப்பு வருகிறது என்றதும், சினை மாட்டுக்கு நோய் வந்தால் கன்றுக்கு நல்லதுதானா என்று கேட்டிருக்கிறார்கள். நேர் எதிராகவும் நடக்கும். பிவிடி என்று ஒரு வைரஸ் உண்டு, மாட்டில் கழிச்சல் உண்டாக்குவது. சினையின் முதல் நாலு மாதத்துக்குள் அது கருவைத் தொட்டால், அந்தக் கருவின் வெள்ளையணுக்கள் அப்போதுதான் "எது நான், எது அந்நியம்" என்று பாடம் படித்துக்கொண்டிருக்கும். வைரஸையும் தன் உடம்பின் பாகமாகவே படித்துக்கொள்ளும். கன்று உயிரோடு பிறக்கும், சில நேரம் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் ஆயுள் முழுக்க அந்த வைரஸைச் சுமந்து மற்ற மாடுகளுக்குப் பரப்பும். அதே வைரஸ் ஆறு மாதத்துக்குப் பிறகு தொட்டால், கரு எதிர்த்து நிற்கும், ஆன்டிபாடியோடு பிறக்கும். நோய் ஒன்றுதான், மாதம் மாறினால் முடிவு தலைகீழ்.

இரட்டைக் கன்று விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். இரட்டையில் ஒன்று காளை, ஒன்று கிடாரி என்றால் அந்தக் கிடாரி பெரும்பாலும் சினை நிற்காது, நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டுக்கும் நஞ்சில் ரத்தக்குழாய் ஒட்டிப்போவதுதான் காரணம். 1945ல் ரே ஓவன் என்பவர் பார்த்தது என்னவென்றால், அப்படிப்பட்ட இரட்டைகள் பெரிதான பிறகும் ஒன்றின் ரத்த அணுக்களை இன்னொன்று தன் உடம்பில் வைத்திருக்கிறது, அந்நியம் என்று விரட்டவில்லை. கருவில் சந்தித்தவரை உடம்பு உறவாக ஏற்றுக்கொள்கிறது. இதைப் பிடித்துக்கொண்டுதான் பர்னெட், மெடவார் என்ற இரண்டு விஞ்ஞானிகள் மேலே போனார்கள், 1960ல் நோபல் வாங்கினார்கள். உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை பற்றிய அறிவுக்குப் பின்னால் ஒரு இரட்டைக் கன்று நிற்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஜூன் 6, காலை 11.00
நேற்று ராத்திரி அத்தையிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் கேட்டது: "கன்னு பாதி எங்கயோ இருக்கிற காளையோடது. மாட்டு உடம்பு அதை ஏன் பத்து மாசம் உள்ளே வச்சிருக்குது? முள்ளு குத்தினாவே சீழ் பிடிச்சுத் தள்ளுதே."

மெடவார் 1953ல் கேட்ட கேள்வியும் இதேதான். ஊசி போட்டுச் சினைப்படுத்தும் மாட்டில் காளை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்றுகூட நமக்குத் தெரியாது, அதன் பாதி இங்கே வளர்கிறது. கருவைச் சுற்றியிருக்கும் நஞ்சின் வெளிச்செல்கள் தங்கள் அடையாளத்தைப் பெரும்பாலும் வெளியே காட்டாமல் வைத்துக்கொள்கின்றன. தாயின் பக்கம் எதிர்ப்பை அடக்கிவைக்கும் அணுக்கள் கருப்பையில் கூடுகின்றன. மாட்டில் இன்னொரு அழகான ஏற்பாடு உண்டு. சினைப்பட்டு 16, 17 நாள் ஆகும்போது கரு ஒரு இன்டர்ஃபெரானைச் சுரக்கிறது. இன்டர்ஃபெரான் என்பது பொதுவாக வைரஸ் வந்தால் உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி. அதே குடும்பத்தில் ஒன்றை எடுத்துக் கரு "நான் இருக்கிறேன்" என்று தாய்க்குச் சொல்லப் பயன்படுத்துகிறது. அந்தச் சொல் வந்தால் மாடு அடுத்த பருவத்துக்கு வராது. வராவிட்டால் 21ஆம் நாள் மறுபடி கத்தும்.

ஜூன் 6, மாலை 5.45
மேலே எழுதிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனபோதுதான் தோன்றியது, உங்கள் முதல் கேள்விக்கு இது நேராகவே வந்து சேர்கிறது. நஞ்சு விழுவதே ஒரு எதிர்ப்பு வேலை!

பத்து மாதம் அடையாளத்தை மறைத்து வைத்திருந்த நஞ்சின் செல்கள் கடைசிக் காலத்தில் அதைக் காட்டத் தொடங்குகின்றன. "இது என்னுடையது இல்லை" என்று தாயின் உடம்பு கண்டுகொள்கிறது. வெள்ளையணுக்கள் போய் நஞ்சு ஒட்டியிருக்கும் முடிச்சுகளைத் தளர்த்துகின்றன. அப்புறம்தான் கருப்பை சுருங்கித் தள்ளுகிறது. கன்றின் அடையாளம் தாயின் அடையாளத்தோடு ரொம்பவும் ஒத்துப்போனால் நஞ்சு தங்கும் வாய்ப்பு கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். நஞ்சு தங்கப்போகும் மாடுகளின் வெள்ளையணுக்கள் ஈனுவதற்கு முன்பிருந்தே மந்தமாக இருப்பதையும் பார்த்திருக்கிறார்கள். செலினியம், வைட்டமின் ஈ குறைந்த மாடுகளில் நஞ்சு தங்குவது அதிகம் என்பதும் இதோடு ஒட்டிப்போகிறது.

ஆக, கன்று பால் குடிப்பது நஞ்சை உள்ளே நிறுத்தாது. கன்று முட்டி முட்டிக் குடிக்கும்போது தாய்க்கு ஆக்ஸிடோசின் சுரக்கும், பாலை இறக்குவதும் கருப்பையைச் சுருக்குவதும் அதே சுரப்புதான். ஊட்ட விடுவது நஞ்சுக்கு உதவியே தவிரத் தடை இல்லை. அப்பாவிடம் இதை மட்டும் சொல்லிப் பாருங்கள். ஒரு நாள் தாண்டியும் விழாவிட்டால் மருத்துவரைக் கூப்பிடுங்கள், கையை விட்டு இழுக்காதீர்கள், கல் கட்டித் தொங்கவிடாதீர்கள்.

ஜூன் 7, காலை 7.30
கேட்டவர் எழுதியது: "அப்பாவுக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆனால் கோழிக்கு, நாய்க்கு எல்லாம் இப்படி யாரும் பார்ப்பதில்லையே என்கிறார்."

கோழிக்கு மடி இல்லை, மஞ்சள் கரு உண்டு. தாய்க்கோழி தன் ஆன்டிபாடியை மஞ்சள் கருவில் வைத்து அனுப்புகிறது, குஞ்சு அதை முட்டைக்குள்ளேயே எடுத்துக்கொள்கிறது, பொரித்த பிறகும் வயிற்றில் இருக்கும் மிச்சக் கருவிலிருந்து எடுக்கிறது. முயல் குட்டி எல்லாவற்றையும் பிறப்பதற்கு முன்பே வாங்கிவிடுகிறது. நாய்க்குட்டிக்கு வயிற்றில் கொஞ்சம்தான் கிடைக்கும், பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, மீதி முதல் நாள் பாலில். எலிக்குட்டியின் குடல் கதவு இரண்டு வாரத்துக்கு மேலேயே திறந்திருக்கும். யாருக்கு எந்த வழி என்பது பிராணிக்குப் பிராணி மாறும். மாட்டுக்கு ஒரே வழி, அதுவும் ஒரே நாள்.

தாய்ப்பாலில் எதிர்ப்பு வருகிறது என்பதைக் கண்டதே எலியில்தான். 1892ல் பால் எர்லிக் (Paul Ehrlich) என்ற ஜெர்மன் விஞ்ஞானி எலிகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கொடுத்துப் பழக்கினார். ஒன்று ஆமணக்கு விதையின் விஷம், இன்னொன்று குன்றிமணியின் விஷம். நம் வேலியோரம் கிடக்கும் அதே குன்றிமணி. பழகிய தாயின் குட்டிகளையும் பழகாத தாயின் குட்டிகளையும் மாற்றி விட்டார். பழகாத தாய்க்குப் பிறந்து, பழகிய தாயிடம் பால் குடித்த குட்டிகள் விஷத்தைத் தாங்கின. தகப்பன் எலி எவ்வளவு பழகியிருந்தாலும் குட்டிக்கு ஒன்றும் வரவில்லை.

ஜூன் 8, காலை 11.50
எங்கள் சின்ன மாடு இன்று விடியற்காலை 4.10க்கு ஈன்றது. இரண்டாம் ஈத்து, கிடாரி. எல்லாவற்றையும் மணி பார்த்து எழுதி வைத்தேன், உங்களுக்காகத்தான்.

மூக்கு வாயைத் துடைத்து, தாயை நக்க விட்டு, தொப்புளுக்கு அயோடின் வைத்தோம். மடியை வெந்நீரில் கழுவித் துடைத்தேன். 4.45க்கு முதல் பால் பீய்ச்சினோம், ஐந்து லிட்டர் வந்தது, மஞ்சளாகத் தேன் மாதிரி. கன்று சாக்கோடு 24 கிலோ சொச்சம். எடையில் பத்தில் ஒரு பங்கு கணக்கு, அதாவது 2.4 லிட்டர். மடியில் விட்டால் எவ்வளவு குடித்தது என்று தெரியாது, சில கன்றுக்குக் காம்பு பிடிக்கவே நேரமாகும், அதனால் முதல் வேளை மட்டும் ரப்பர் காம்பு போட்ட பாட்டிலில் கொடுப்பேன். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். 5.20க்குள் இரண்டு லிட்டர் உள்ளே. மீதிக்கு மடியில் விட்டோம். நஞ்சு 9.30க்கு விழுந்தது. நாலு மணி நேரத்துக்கு மேலே முன்னாடியே கன்று குடித்திருந்தது, நஞ்சு அதுபாட்டுக்கு முழுசாக விழுந்தது. அத்தை விளக்குமாறோடு நின்று பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கன்றின் முதுகைத் தடவிவிட்டுப் போனார்கள்.

ஜூன் 8, மாலை 6.30
ஒன்றை விட்டுவிட்டேன். சீம்பால் நன்றாக இருக்கிறதா என்று கெட்டியையும் நிறத்தையும் வைத்துச் சொல்ல முடியாது. கரும்புக்காரர்கள் சாற்றின் இனிப்பைப் பார்க்க வைத்திருக்கும் பிரிக்ஸ் மீட்டர் இதற்கும் ஆகும். பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடம் வாங்கி வந்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன், 25 காட்டியது. 22க்கு மேல் இருந்தால் தைரியமாகக் கொடுக்கலாம். அண்ணனுக்கு ஒரே ஆச்சரியம், உடனே தன் மாட்டுப் பாலையும் கொண்டுவந்தார். அவர் மாடு அன்று காலைதான் ஈன்றிருந்தது, மடி கல்லாக வீங்கிவிட்டது என்று முதல் நாளே பீய்ச்சிக் கொட்டியிருக்கிறார். 16. மூன்று வாரமாக மடி சேர்த்து வைத்தது அந்த முதல் பீய்ச்சலிலேயே போய்விட்டது. எங்களிடம் இருந்ததில் இரண்டு லிட்டரை அவர் கன்றுக்குக் கொடுத்தோம். அது பிறந்து அப்போது ஏழு மணி நேரம். கிடைத்தவரை லாபம்.

ஜூன் 9, காலை 10.00
வரிசையாகச் சந்தேகங்கள் வந்திருக்கின்றன.

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் நிறைசினை மாடு வாங்கி வந்து மறுவாரமே ஈன்றால் என்ன என்றால், சீம்பால் இருக்கும், ஆனால் அதில் இருப்பது பழைய கட்டுத்தறியின் கிருமிகளைப் பற்றிய அறிவு. உங்கள் தொழுவத்துக் கிருமியைத் தாய் பார்த்துப் பழகி, ஆன்டிபாடி செய்து, மடியில் சேர்க்க வாரங்கள் வேண்டும். ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னாலாவது வாங்குங்கள். பாலை வற்றவிடுவதும் அந்த இரண்டு மாதத்தில்தான், கடைசிவரை கறந்துகொண்டே இருந்தால் சீம்பால் தேறாது. சினை மாட்டுக்கு எந்தத் தடுப்பூசி எந்த மாதம் என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள், எல்லா ஊசியும் சினைக்கு ஆகாது. கன்றுவீச்சு நோய்க்கான புருசெல்லா ஊசி கிடாரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் ஒருமுறை போடுவது, சினை மாட்டுக்குப் போடவே கூடாது.

தாய் செத்துப்போனால் என்ன செய்வது? இதற்குத்தான் ஃப்ரீசர். மிஞ்சிய நல்ல சீம்பாலை ஒரு லிட்டர் பாட்டிலில், தேதி எழுதி வையுங்கள், ஒரு வருடம் இருக்கும். எடுக்கும்போது கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை வைத்து உருக்க வேண்டும். அடுப்பில் வைத்தால் அது கட்டியாகிவிடும், கட்டியானதில் கன்றுக்குப் பாதுகாப்பு இல்லை. ஆட்டுக்குட்டிக்கும் அவசரத்துக்கு மாட்டுச் சீம்பால் கொடுக்கலாம், போன வருடம் தாயில்லாத இரண்டு குட்டியை அப்படித்தான் எடுத்தேன்.

ஜூன் 9, இரவு 9.15
ஒரு அம்மா தனியாக எழுதியிருக்கிறார்கள், பேத்தி பிறந்ததும் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுச் சேனை வைத்தோம், முதல் பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டோம், மாட்டுக்கு இவ்வளவு சொல்கிறீர்களே, குழந்தைக்குக் கெடுதல் செய்துவிட்டோமோ என்று. அம்மா, மனிதக் குழந்தை கன்று மாதிரி வெறுங்கையோடு வருவதில்லை, ரத்தத்துக்கு வேண்டியது முன்பே வந்துவிட்டது. பயப்படாதீர்கள். ஆனால் தாயின் சீம்பாலில் நிறைய இருக்கும் ஐஜிஏ வகை ஆன்டிபாடி குழந்தையின் குடலுக்குள் பூச்சு மாதிரி நின்று காவல் காக்கும். அதனால் அடுத்த பேரக்குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரும் தேனும் வேண்டாம், ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள்.

ஜூன் 14, காலை 8.05
கேட்டவரின் மாடு நேற்று ராத்திரி ஈன்றிருக்கிறது. காளைக் கன்று. ஒன்றரை மணிக்குப் பிறந்தது, இரண்டேகாலுக்குக் குடித்தது, நஞ்சு காலை ஏழுக்கு. பாட்டிலைப் பிடித்தவர் அப்பாவேதானாம்! இதைப் படித்ததும் காலையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜூலை 6, மாலை 4.40
எங்கள் கன்றுக்கு நாலு வாரம். இரண்டு நாளாக லேசாக இருமுகிறது. நன்றாகச் சீம்பால் குடித்த கன்றுக்கு ஏன் என்று அத்தை கேட்டார்கள், நியாயமான கேள்வி.

தாய் கொடுத்தது கடன் வாங்கிய நெல், தீர்ந்துகொண்டே வரும். ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகும். கன்று தானே செய்வது அதற்குள் முழுசாக ஏறியிருக்காது. மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம்வரை இரண்டும் தாழ்ந்திருக்கும் இடைவெளி. இந்த நாட்களில் கொம்பு சுடுவது, இடம் மாற்றுவது, பாலைச் சட்டென்று குறைப்பது எதுவும் வேண்டாம்.

தடுப்பூசியைச் சீக்கிரமே போட்டுவிடலாமே என்றால், அதற்கும் இதே நெல் குறுக்கே நிற்கும். தாயின் ஆன்டிபாடி ரத்தத்தில் இருக்கும்போது ஊசி மருந்தையும் அது கிருமி என்று பிடித்துக்கொள்ளும், கன்று தானாகப் பாடம் படிக்காது. கோமாரி ஊசியை நாலு மாதத்துக்குப் பிறகு போடச் சொல்வதற்கு இதுதான் காரணம். நாய்க்குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான ஊசியை மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம்வரை திரும்பத் திரும்பப் போடுவதும் இதனால்தான், எந்தக் குட்டிக்கு எந்த வாரம் தாயின் பங்கு தீர்கிறது என்று வெளியே இருந்து தெரியாது.

ஜூலை 9, காலை 6.50
இருமல் நின்றுவிட்டது. உடம்பு சூடு இல்லை, பால் நன்றாகக் குடிக்கிறது. மேலே சாரல் விழாமல் இருக்கத் தார்ப்பாய் கட்டினோம், கீழே வைக்கோலை தினமும் மாற்றினோம், மருந்து எதுவும் கொடுக்கவில்லை.

ஜூலை 21, காலை 5.30
ராத்திரி ஒரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். தெற்குத் தோட்டத்தில் மாடு ஈன்று, எழ முடியாமல் படுத்துவிட்டதாம், கன்று நன்றாக இருக்கிறது, பால் எடுக்க வழியில்லை. நான் எழுந்து வருவதற்குள் அத்தை ஃப்ரீசரைத் திறந்து "ஜூன் 8" என்று எழுதிய இரண்டு பாட்டிலையும் எடுத்து வாளி வெந்நீரில் போட்டிருந்தார்கள், கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டு. "எத்தனை மணிக்குப் பொறந்துச்சு?" என்று அந்தப் பையனைக் கேட்டார்கள். பன்னிரண்டே முக்கால் என்றான். இரண்டு மணிக்குக் குடித்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறான். ஃப்ரீசர் இப்போது காலி, எருமை ஆவணி கடைசியில் ஈனும்.